ஆங்கில யாப்பும் எண்ணிப் பழகிய செவியும்

ஆங்கிலச் செய்யுளைத் தமிழ் யாப்பறிவு கொண்டு அளக்கப் புகுவோர் ஓரிடத்தில் இடறுதல் இயல்பு. ஆங்கிலத்தில் ஐயாம்பிக் சீர் என்பது மெலிந்த அசை ஒன்றும் அழுத்தம் பெற்ற அசை ஒன்றும் கூடியது. அதனைக் குறிலும் நெடிலும் இணைந்த நிரையசையோடு ஒப்பிட்டு, 'புறா' என்பது போன்றதெனக் கொள்வர். இவ்வொப்புமை பொருந்தாது. 'புறா' நமக்கு ஓர் அசையே. ஆங்கிலத்தார் கணக்கிலோ ஈரசை. மேலும், நம் அசை ஒலியின் அளவைப் பற்றியது. அவர்தம் சீர் குரலின் அழுத்தத்தைப் பற்றியது. 'ரெக்கார்டு' என்னும் சொல் பெயராகுங்கால் முதலசையிலும் வினையாகுங்கால் இரண்டாமசையிலும் அழுத்தம் பெறும். தமிழில் அழுத்தம் இவ்வாறு பொருளை வேறுபடுத்துவதில்லை.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து எழுதும் நமக்கு இவ்விடறல் இருமடங்காதற்கு இடமுண்டு. காரைக்காற் பகுதி 1954 வரை பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுச் செய்யுளடி அசையெண்ணிக்கையால் அமைவது; அலெக்சாந்திரீன் அடிக்கு 12 அசை. காரைக்காலம்மையாரின் திருஇரட்டை மணிமாலையில் வெண்பாவோடு மாறி மாறி வரும் கட்டளைக் கலித்துறையும் எண்ணிக்கை உடையதே. ஒற்று நீக்கி, நேரசை முதலாகிய அடிக்கு 16 எழுத்தும் நிரையசை முதலாகிய அடிக்கு 17 எழுத்தும் வரும். இவ்வாறு எண்ணிப் பழகிய செவி, ஆங்கில அடியிலும் பத்து அசையை எண்ணி அமைந்துவிடும்.

கட்டளைக் கலித்துறையின் எண்ணிக்கையும் தானே தோன்றியதன்று. அடியின் நான்கு இணைப்பிலும் வெண்டளை நிற்கும். மாமுன் நிரை வரினும் விளமுன் நேர் வரினும் இணைப்பு மூன்றெழுத்தே. இடையில் விளங்காய் வாராமையின் மாங்காய்முன் நேர் வருமிடத்தும் மூன்றே. நான்கு இணைப்பிற்கு 12. ஈற்று விளங்காயின் இறுதி ஈரசைக்கு 3. முதலசைக்கு ஒன்றோ இரண்டோ. எண் தளையின் விளைவு என்பது இதனாற் புலனாம். ஆங்கிலத்தாரோ சீரோடு சீர் கூடும் இடத்திற்கு இத்தகைய விதி வகுத்திலர்.

அவர்தம் யாப்பிற்கு அணுக்கமானது புலவர் நூலில் அன்று, கடற்கரையில் உள்ளது. வலையிழுப்போர் பாடிவந்த அம்பாப் பாட்டில் இழுப்பு விழும் இடமே அளவு. இரண்டு இழுப்பிற்கிடையே எழுத்துக் கூடினும் குறையினும் பாட்டுக் கெடாது. பழைய ஆங்கிலக் கதைப்பாடல்கள் பலவற்றின் அடியும் இத்தகையதே. ஐயழுத்த அடி இதனினும் கட்டுடையது. அசைத்தொகையையும் பெரும்பாலும் காப்பது. எனினும் அதன் முதற்சீரில் அழுத்தத்தை முன்னே புரட்டிவைத்தலை ஷேக்சுபியரும் மில்ட்டனும் பலகாலும் செய்தனர். செவி எதிர்நோக்கியது ஒன்று, கேட்டது மற்றொன்று. யாப்பும் ஓசைநடையும் அங்கே பிரிகின்றன. இதனை யாப்புப் பிழையென மாணவர் குறித்தல் பெருந்தவறு. வெண்பாவில் தளை பிறழின் அது வெண்பாவே அன்று என்னும் பயிற்சியே அவரை அவ்வாறு குறிக்கச் செய்கிறது. தமிழில் இதற்கு ஓரளவு ஈடாவது வகையுளி எனலாம். ஆண்டுச் சொல் ஓரிடத்தில் முடியச் சீர் வேறிடத்தில் முடிகிறது. இலக்கணிகள் அதனைச் சிறிது நாணத்துடனேயே கூறிச் செல்வர்!

சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீய நாடகத்தைப் பெரும்பாலும் அகவலில் யாத்தார். ஆங்கில நாடகச் செய்யுளின் அழுத்தத்தைப் படியெடுக்க அவர் முயன்றிலர். அடியைக் கடந்து வாக்கியம் ஓடும் நெகிழ்ச்சியை மட்டும் கொண்டார். மொழிபெயர்ப்பாளர்க்கு நாம் காட்டக்கூடிய வழியும் அதுவே.