முகப்பில் யார் முகம்?

மதுரையில் ஒரு வீட்டு மாடியில் என் தோழி சனிக்கிழமைதோறும் ஒரு கூடுகை நடத்துகிறாள். வகுப்பு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். எட்டுப் பத்து பேர் வருவார்கள். படம் வரைவார்கள், நோட்டில் எழுதுவார்கள், பழைய புடவைத் துணியில் கை போன போக்கில் தையல் போடுவார்கள். மார்க் கிடையாது, திருத்தம் கிடையாது. போகும்போது மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு வருடமாக ஒருத்தர் சொல்லி ஒருத்தர் என்றே ஆள் வந்துகொண்டிருந்தது. வாடகை ஏறியதும் இணையதளம் வேண்டியதாகிவிட்டது.

"முகப்புல ஒரே ஒரு போட்டோ போதும்டி. ஆனா அர்த்தமுள்ளதா இருக்கணும். நீதான் இதப்பத்தியெல்லாம் எழுதுற, பாத்துச் சொல்லு" என்று ஏழு படங்களை வாட்ஸப்பில் அனுப்பினாள்.

ஆறு படங்கள் இணையத்தில் விலைக்குக் கிடைப்பவை. அடுக்கிய கூழாங்கற்கள். தாமரை. மெழுகுவர்த்தி. கடற்கரையில் முதுகு காட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒல்லியான பெண். உள்ளங்கையில் முளைவிட்ட செடி. சூரிய உதயம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். யோகா நிலையம், ஆயுள் காப்பீடு, மூட்டுவலித் தைலம் என்று எங்கே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் படங்கள். அழகில்லை என்று சொல்லமுடியாது. என் புகார் வேறு. இவை எல்லாமே போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் காட்டுகின்றன. அங்கே போக என்ன பாடு பட வேண்டியிருந்தது, யார் பட்டார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. என் தோழியின் மாடிக்கு வருகிறவர்கள் அந்தப் பாட்டின் நடுவில் இருப்பவர்கள்.

அமைதியான படம் என்றால் நம் தலைமுறைக்கு ஒன்று உடனே ஞாபகம் வரும். விண்டோஸ் எக்ஸ்பி திரையில் பச்சைக் குன்றும் நீல வானமும். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் லேபில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். 1996 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் சார்லஸ் ஓ'ரியர் எடுத்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு வைத்த பெயர் 'ப்ளிஸ்', பேரின்பம். அது திராட்சைத் தோட்டம் இருந்த குன்று. ஃபிலாக்செரா என்ற பூச்சி வேரைத் தின்றதால் கொடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அந்த வெற்றுநிலத்தில் மழைக்கு முளைத்த புல்தான் நம் பேரின்பம்! இது தெரிந்தபிறகு எனக்கு அந்தப் படம் கூடுதலாகப் பிடித்தது. நோய் வந்த நிலம், பிடுங்கிய வேர், பிறகு புல். ஒரு நலவாழ்வு இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது? ஆனால் படத்தில் அந்தக் கதை இல்லை. பார்ப்பவருக்குத் தெரிவது புல் மட்டும்தான்.

ஏழாவது படம் அவளே தன் போனில் எடுத்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. கையில் பிரஷ், முகத்தில் பெயிண்ட், கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கிறது. அழுகையை நிறுத்தாமலே வரைந்துகொண்டிருக்கிறார்.

யோசிக்கவே இல்லை. "இதுதான், இதையே போடு" என்று அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் வரவில்லை. பிறகு கூப்பிட்டாள்.

"போடலாமான்னு கேட்டா அந்தக்கா சரின்னுதான் சொல்லுவாங்கடி. அதான் பயமா இருக்கு."

நன்றியில் சொல்கிற 'சரி'க்கு எவ்வளவு மதிப்பு? நான் இதை யோசிக்கவே இல்லை. படம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறேன். விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு வரும் வியாதி இது. நல்ல படம் என்று தெரிந்ததும் அதிலிருக்கும் ஆளை மறந்துவிடுகிறோம்.

டோரத்தியா லாங் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' படத்தின் வரலாறே இதுதான். 1936 மார்ச், கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் நின்றவர்களின் முகாம். குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்க்கும் தாய். லாங் அவர் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. ஒரு காலகட்டத்தின் வறுமைக்கே அந்த முகம் அடையாளமானது. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. இன்னொரு பக்கமும் உண்டு. 1983இல் அவர் நோயில் விழுந்தபோது, பிள்ளைகள் உதவி கேட்டதும் அதே படத்தின் நினைவில் ஊர்பேர் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். ஆக, அந்தப் படமே எடுத்திருக்கக்கூடாது என்று என்னால் சொல்லமுடியாது. ஆனால் ஒரு தேசம் தன் பஞ்சத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நம் மாடிக்கு வேண்டியிருப்பது அடுத்த மாத வாடகை. இதற்காக ஒருத்தருடைய அழுகையை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

அப்படியென்றால் வலியைக் காட்டவே கூடாதா? ஜோ ஸ்பென்ஸ் காட்டினார். லண்டனில் சொந்த ஸ்டூடியோ வைத்து மற்றவர்களைச் சிரிக்கச் சொல்லிப் படமெடுத்தவர். 1982இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவைசிகிச்சைக்கு முன், இது ஜோ ஸ்பென்ஸின் சொத்து என்று தன் மார்பில் எழுதி, கடைசியில் ஒரு கேள்விக்குறியும் போட்டு, டெர்ரி டென்னெட்டுடன் சேர்ந்து படமெடுத்துக்கொண்டார். பிறகு ரோசி மார்ட்டினுடன் சேர்ந்து ஒளிப்படத்தையே ஒரு சிகிச்சைமுறையாகச் செய்துபார்த்தார். என்னை நிறுத்துவது அந்தக் கேள்விக்குறிதான். உடம்பும் அவருடையது, எழுத்தும் அவருடையது, அதைக் காட்டலாம் என்ற முடிவும் அவருடையது. அந்த அக்காவின் படத்தில் அழுகை மட்டும்தான் அவருடையது. மற்றதெல்லாம் எங்கள் முடிவு.

ரோலான் பார்த் 1980இல் வெளிவந்த 'கேமரா லூசிடா' நூலில், இறந்துபோன தன் அம்மா சிறுமியாக நிற்கும் ஒரு படத்தைச் சுற்றியே பாதி நூலை எழுதினார். நூலில் வேறு படங்கள் உண்டு, அந்தப் படம் இல்லை. தனக்கு உயிரான படம் மற்றவர்களுக்கு இன்னொரு பழைய போட்டோ என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அர்த்தமுள்ள படம் என்று கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் தவறவிட்டது இதைத்தான். சில படங்களின் அர்த்தம், காட்டாமல் வைத்திருப்பதில் இருக்கிறது.

கடைசியில் முகப்பில் போனது ஒரு மேசையின் படம். கூடுகை முடிந்து எல்லாரும் போனபின் எடுத்தது. கலங்கிய பெயிண்ட் தண்ணீரோடு நாலு டம்ளர், பிரஷ் துடைத்த பனியன் துணி, விரித்துப்போட்ட நாளிதழில் வட்ட வட்டமாகக் கறை, தள்ளிவிட்டபடி கிடக்கும் ஒரு நாற்காலி. "கலங்கின தண்ணிய யாரு மேடம் முகப்புல போடுவாங்க?" என்று தளம் வடிவமைத்த பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். முகம் இல்லாத படம் தெரியாதவர்களை உடனே உள்ளே இழுக்காது. அதோடு, இதுவும் ஒன்றும் சுத்த உண்மை கிடையாது. ஒரு டம்ளரை வெளிச்சத்துக்காக நாங்கள் நகர்த்திவைத்தோம். ஆனாலும் அங்கே யாரோ உட்கார்ந்து எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்த நாற்காலியில் நாமும் உட்காரலாம் என்று பார்ப்பவருக்குத் தோன்றினால் எங்களுக்கு அது போதும்.

ஏழாவது படத்தை அவள் பிரிண்ட் போட்டு அடுத்த சனிக்கிழமை அந்த அக்காவிடமே கொடுத்தாள். நானும் கூட இருந்தேன். துக்கம், வெளிச்சம், விடுதலை என்று அந்தப் படத்தைப் பற்றி ஒரு கட்டுரைக்கே ஆகும் அளவு மனசுக்குள் எழுதிவைத்திருந்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்குல பெயிண்ட் இருந்திருக்கு பாரு. அப்படியேவா பஸ்ல போனேன்? ஒருத்தியாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே படத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.