வளாக வாசிப்பும் நிலப் பதிவேடும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, வளாகத்தார் அனைவரும் ஒரே நூலைப் படித்து உரையாடும் திட்டத்தை நடத்தி வருகின்றன. பழங்குடியினரின் சுற்றுச்சூழல் நீதிப் போராட்டம் குறித்து டினா கிலியோ-விட்டேக்கர் 2019இல் வெளியிட்ட நூல் அதற்குப் பெரிதும் ஏற்றது. 2016இல் ஸ்டாண்டிங் ராக்கில் எழுந்த எண்ணெய்க் குழாய் எதிர்ப்பை அவர் தனி நிகழ்வாகக் காணாது, குடியேற்றத்தின் தொடர்ச்சியாகவே காண்கிறார். நச்சுக்கழிவு யார் வாசலில் கொட்டப்படுகிறது என்னும் பங்கீட்டுக் கேள்வி மட்டும் பழங்குடியினர்க்குப் போதாது. நிலம் அவர்க்கு உடைமையன்று, உறவு என்பது அவர்தம் வாதம். வலிய வாதமே. ஆயினும் வளாக உரையாடல் இதனை இயற்கைப் பரிவாகச் சுருக்கிவிடக் கூடும். அஃது எளிது, எவரையும் உறுத்தாது. 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தின்வழி ஏறத்தாழ 1.1 கோடி ஏக்கர் பழங்குடி நிலம் பல்கலைக்கழகங்களுக்கு முதலாயிற்று. எந்த நிலம் எந்நிறுவனத்திற்குச் சென்றது என்பதை 2020இல் ‘ஹை கண்ட்ரி நியூஸ்’ இதழ் விரித்துரைத்தது. அப்பதிவை உடன்வைத்துப் படிக்காத வகுப்பிற்கு நூலின் வாதம் பாதியே விளங்கும்.