முழுசா முக்காதே

அச்சு முறுக்கு சுடத் தெரிந்தவர்கள் அச்சை ஒருபோதும் மாவில் முழுக்க அமிழ்த்த மாட்டார்கள். எண்ணெயில் கிடந்து சூடேறிய அச்சு மாவைத் தொட்டதும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் கேட்கும். முக்கால் உயரம் இறங்கியதும் கை நின்றுவிட வேண்டும். இதழ்களின் மேல் விளிம்பு மாவுக்கு வெளியே மின்ன வேண்டும். ஒரு நூல் ஆழம் கூடினாலும் மாவு மேலேறி விளிம்பை மூடிவிடும். மூடிய மாவு எண்ணெயில் வெந்து அச்சைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் ஈர்க்குச்சியால் குத்தினாலும் கத்தியால் நெம்பினாலும் பூ பூவாக வராது. “முழுசா முக்காத மக்களே, தலை வெளிய தெரியணும்.” நாகர்கோவில் பக்கத்து அடுக்களைகளில் டிசம்பர் 20-க்கு மேல் பாட்டிமார் பேத்திகளிடம் அதிகம் சொல்வது இதைத்தான்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெய்க்குள் போன அச்சை உடனே உதறக் கூடாது. ஓரம் லேசாக நிறம் மாறி, மாவு தன் வடிவத்தைத் தானே தாங்கும் பதம் வர வேண்டும். அப்போது கம்பியை ஒரு முறை அசைத்தால் பூ நழுவி மிதக்கும். சூட்டோடு எடுக்கும்போது அது இன்னும் மெத்தென்றிருக்கும். சிலர் அந்த நேரத்தில் ஒரு கிண்ணத்தின் அடிப்பாகத்தில் கவிழ்த்து லேசாக அழுத்துவார்கள். ஆறும்போது இதழ்கள் உள்வாங்கி, நிஜமாகவே மலர்ந்த தோற்றத்தில் மொறுமொறுப்பாகிவிடும். இலங்கையில் இதைக் கொக்கிஸ் என்கிறார்கள். ஸ்காண்டிநேவிய வீடுகளிலும் கம்பி முனையில் பூ அச்சு வைத்து, இதே முறையில் கிறிஸ்துமஸ் பலகாரம் சுடுகிறார்கள். அங்கேயும் விளிம்பு மாவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

தென்மாவட்டத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் விதத்தைப் பார்க்கப் பார்க்க, மாவில் முக்காத அந்தக் கால் பங்கு எல்லா இடத்திலும் எனக்குத் தட்டுப்படுகிறது. எதையும் அடியோடு முக்கி எடுத்துவிடாமல், கொஞ்சத்தை நிறுத்தி வைக்கிற கை அது.

நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கி மாட்டுகிறவர்களே இன்று அதிகம். மூங்கில் சிம்பு சீவிக் கட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரே நீளத்தில் ஐந்து சிம்புகள். கையெடுக்காமல் போடும் ஐந்துமுனை நட்சத்திர வடிவத்தில் ஒன்றை மேலும் ஒன்றைக் கீழும் நுழைத்துக் கட்டினால் தட்டையாக ஒரு சட்டம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்குவார்கள். இதுவரை அது வெறும் குச்சிக்கட்டுதான். வித்தை இனிமேல்தான் இருக்கிறது. சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும், முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் நடுவே, ஒரு சாண்கூட இல்லாத சிறு குச்சியை நிமிர்த்திச் செருகுவார்கள். மூச்சை இழுத்துப் பிடித்த வயிறுபோலச் சட்டம் புடைத்து எழும். தாள் விறைப்பாக நிற்பதும், உள்ளே பல்பு தொங்க இடம் கிடைப்பதும், ஒவ்வொரு முனைக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் மங்கலுமாக முகம் வருவதும் அந்த ஐந்து குச்சிகளின் தயவு. மைதா பசை தடவித் தாள் ஒட்டிய பிறகு அவை இருப்பதே வெளியே தெரியாது. பிலிப்பைன்ஸ் வீடுகளில் தொங்கும் பரோல் விளக்கும் ஐந்துமுனை மூங்கில் நட்சத்திரம்தான்.

மினுக்கி மினுக்கி அணையும் பிளாஸ்டிக் நட்சத்திரங்களை எனக்குப் பிடிக்காது. வழி காட்ட வந்த நட்சத்திரம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் ஞானிகள் எப்படி ஊர் போய்ச் சேர்வார்கள்? ஒரே நிறத் தாள், உள்ளே மஞ்சள் பல்பு, அது போதும். மழையில் தாள் நனைந்து ஒரு முனை கிழிந்தாலும் பாதகமில்லை.

ஆனால் என் மனம் அதிகம் தங்குவது குடிலில்தான். கத்தோலிக்க வீடுகளில் திருவருகைக் காலம் தொடங்கியதுமே கூடத்தில் ஒரு மூலை அதற்கென்று ஒதுங்கிவிடும். வைக்கோல் கூரை, கசக்கிய பழுப்புத் தாளில் பாறைகள், ஆற்றுமணலில் பாதை, உடைந்த முகக்கண்ணாடித் துண்டில் குளம். சிலர் முன்கூட்டியே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ நெல்லோ விதைத்து வைப்பார்கள். பண்டிகைக்குள் விரலுயரத்துக்குப் பச்சைப் புல்வெளி தயார். கூரைமேல் பஞ்சு. நாகர்கோவிலில் பெய்யவே பெய்யாத, பெத்லகேமிலேயே எப்போதாவது மட்டும் விழுகிற வெண்பனி, வைக்கோலின்மேல் தாராளமாகக் கொட்டிக் கிடக்கும். யாரும் அதைத் தப்பென்று சொல்வதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

அளவுப் பொருத்தம் பார்க்கிறவர்கள் குடிலுக்கு முன்னால் நிற்கவே கூடாது. குளத்து வாத்து ஒட்டகத்தைவிடப் பெரியதாக இருக்கும். ஒட்டகம் சொரூபங்களோடு சேர்ந்து வந்தது. வாத்து பிள்ளையின் விளையாட்டுக் கூடையிலிருந்து வந்தது. மேய்ப்பனின் கோல் எப்போதோ உடைந்து, இப்போது அவன் கையில் இருப்பது தலை கிள்ளிய தீக்குச்சி. கழுதையின் காது ஒட்டின இடத்தில் பசை மஞ்சளாகப் படிந்திருக்கும். புது செட் வாங்கப் பணம் இல்லாமலில்லை. அந்தக் காது விழுந்த கதையைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறவரை அந்தக் கழுதையை மாற்ற யாருக்கும் மனம் வராது.

உன்னிப்பாகப் பார்த்தால் இந்தக் கூட்டம் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தது. மேய்ப்பர்களும் தீவனத் தொட்டியும் லூக்கா எழுதியவை. நட்சத்திரமும் ஞானிகளும் மத்தேயு எழுதியவை. லூக்காவில் ஞானிகள் இல்லை, மத்தேயுவில் தொட்டி இல்லை. ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவும் இல்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆளும் மூன்றாயிற்று. மாடும் கழுதையும் பிறப்புக் கதையிலேயே கிடையாது. தம் எஜமானையும் அவன் முன்னணையையும் அறிந்த விலங்குகளாக ஏசாயா முதல் அதிகாரத்தில் நின்றவை, அங்கிருந்து நடந்து வந்து சேர்ந்துகொண்டன. இத்தனை பேரும் ஒரு மூலை வைக்கோலில் சச்சரவில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், வாத்து உட்பட.

நடுவில் தொட்டி மட்டும் காலி. மாதா குனிந்திருக்கிறார், சூசையப்பர் குனிந்திருக்கிறார், மேய்ப்பன் மண்டியிட்டு எட்டிப் பார்க்கிறான். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. பாலன் சொரூபம் பஞ்சில் சுற்றி பீரோவுக்குள் இருக்கிறது. டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, பனியில் நனைந்த தலையோடு வீடு திரும்பிய பிறகுதான் கடைக்குட்டியின் கையால் அதைக் கொண்டுவந்து கிடத்துவார்கள். வாரக்கணக்காக வெறும் வைக்கோலை நோக்கிக் குனிந்திருந்த அத்தனை தலைகளுக்கும் அப்போதுதான் காரணம் கிடைக்கிறது. முதல் நாளிலேயே குழந்தையை வைத்துவிடும் வீடுகளில் இந்தச் சுகம் இல்லை. அங்கே குடில் ஒரு பொம்மை வரிசை, அவ்வளவுதான்.

காலித் தொட்டிக்கு வயது அதிகம். அசிசி நகர் பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அமைத்ததைத்தான் குடில் வழக்கத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். அவருடைய வாழ்க்கையை எழுதிய செலானோ ஊர்த் தாமஸ் அங்கே தொட்டி இருந்தது, வைக்கோல் இருந்தது, உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன என்கிறார். குழந்தைச் சொரூபம் வைத்ததாக அவர் சொல்லவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் தொட்டியில் ஒரு குழந்தை கிடப்பது காட்சியாகத் தெரிந்தது என்று எழுதுகிறார்.

சில வீடுகளில் மூன்று ராஜாக்களையும் இப்படியே காக்க வைக்கிறார்கள். குடிலில் அவர்களுக்கு உடனே இடம் கிடையாது. ஜன்னல் திட்டிலிருந்து கிளம்பி, டிவி மேசை, புத்தக அலமாரி என்று நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று வந்து சேர வேண்டும். அவசரக்காரப் பிள்ளை ஒன்று ராஜாவை ஒரே தாவலில் தொட்டிக்கருகே கொண்டு நிறுத்திவிடும். பிள்ளை தூங்கியதும் பாட்டி ராஜாவைத் தூக்கி அலமாரிக்கே திருப்பி அனுப்புவாள்.

சீர்திருத்த சபை வீடுகளில் குடிலுக்கு அவ்வளவு செல்வாக்கில்லை; அங்கே ஆட்சி செய்வது பாட்டு. பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் டிசம்பர் இரவுகளில் கேரல் ரவுண்ட்ஸ் வரும். எந்தத் தெருவுக்கு எந்த இரவு என்று முன்பே தெரியும், எத்தனை மணிக்கு என்று மட்டும் தெரியாது. பதினோரு மணி என்றால் இரண்டு மணி. வேன் சத்தம் கேட்டதுமே வீட்டில் எல்லோரும் விழித்துவிடுவார்கள். ஆனாலும் பாட்டு தொடங்கும்வரை கதவைத் திறக்காத வீடுகள் உண்டு. போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு, முதல் அடி முற்றத்து இருட்டிலிருந்து எழும்பக் காத்திருப்பார்கள். தெரிந்துகொண்டே தூங்கும் அந்த இரண்டு நிமிடத்தில் சிரிப்பை அடக்குவது பிள்ளைகளுக்குப் பெரும் பாடு. பிறகு விளக்கு எரியும், கதவு திறக்கும், ஒல்லி உடம்புக்காரர் ஒருவர் தலையணை வயிறும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தாவாகி மிட்டாய் எறிவார், தெரு நாய் குரைக்கும், சுக்குக் காப்பி வரும்.

இந்த வீடுகளின் பாட்டுப் புத்தகத்தில் பாமாலை ஒரு பகுதி, கீர்த்தனை ஒரு பகுதி. பாமாலை ஐரோப்பிய மெட்டு. கீர்த்தனை நம் ராகமும் தாளமும். கீர்த்தனை பாடியவர்களில் பெரியவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்து, பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியோடு படித்தவர். குறவஞ்சி இலக்கணத்துக்குள் பெத்லகேமைக் கொண்டுவந்தவர். முற்றத்தில் நிற்கும் வாலிபர்கள் பாமாலையை நான்கு குரலாகப் பிரித்து முழங்கித் தள்ளுவார்கள். கீர்த்தனை தொடங்கும்போதுதான் கவனிக்க வேண்டும். உள்ளறைக் கட்டிலிலிருந்து வீட்டுப் பெரியம்மாவின் குரல் ஒன்று சேரும், தாளத்துக்கு அரை அட்சரம் பின்னால். யாரும் சொல்லாமலே ஹார்மோனியக்காரர் வேகத்தைக் குறைப்பார். கூட்டம் முழுவதும் அவள் நடைக்கு இறங்கி வரும். எந்தக் கச்சேரியிலும் இப்படி ஒரு காலப்பிரமாணத்தை நான் கேட்டதில்லை.

பலகாரத்துக்குத் திரும்பலாம். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, வெல்லப் பாகில் உருண்டை பிடித்து ஆறவிடுவார்கள். மறுநாள் மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து மூன்று மூன்றாக எண்ணெயில் போடும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். மேலே மெல்லிய மஞ்சள் ஓடு, கடித்தால் உள்ளே பயற்றின் வறுபட்ட வாசனை. சுட்டதெல்லாம் ஆறியதும் தகர டின்னுக்குள் போய்விடும். ருசி பார்க்க ஆளுக்கு ஒன்று, அதோடு மூடி விழும். அச்சு முறுக்கில் முதல் ஈடு முட்டை சேர்க்காதது. அது தனி டின். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டைமேல் பூசணிப்பூ வைக்கும் எதிர்வீட்டு மாமிக்கு அது போக வேண்டும். “இது முட்டை போடாதது மாமி, முதல்ல சுட்டது” என்று தட்டை நீட்டும்போது சொல்லியாக வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் பாடம்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு என்று எடுத்துச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விடியுமுன் ஆராதனை, புதுத்துணி, ஆட்டுக்கறி, மதியத் தூக்கம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வேறு ரகம். கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கொன்று. அதில் உள்ள வசனம் வருஷம் முழுவதற்கும் அவருக்கு. வீடு வந்ததும் ஒவ்வொருவரும் தன்னுடையதை வாசிப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு ‘பயப்படாதே’ என்று வந்தால் வீடே ஆமோதிக்கும். தம்பிக்குப் பொறுமையைப் பற்றி ஒரு வசனம் வந்துவிட்டால் அக்காக்களுக்குக் கொண்டாட்டம். மாற்றிக்கொள்ள அனுமதி கிடையாது. அட்டை பீரோக் கதவின் உட்பக்கத்தில், போன வருஷத்து அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டப்படும்.

ராஜாக்கள் வந்து சேர்ந்த பிறகு குடிலைப் பிரிப்பார்கள். புல்தட்டு கோழிகளுக்கு. நட்சத்திரத்தின் தாளைக் கிழித்துவிட்டு மூங்கில் சட்டத்தை மட்டும் பரணில் ஏற்றுவார்கள். சொரூபங்களை ஒவ்வொன்றாக அன்றைய தினத்தந்தியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறக்கிறவர்கள் மாதாவைச் சுற்றிய தாளைப் பிரித்ததும், அதில் இருக்கும் பழைய சினிமா விளம்பரத்தையும் அன்றைக்குத் தங்கம் விற்ற விலையையும் சத்தமாக வாசிக்க ஆரம்பிப்பார்கள். “அப்பவே வாங்கிப் போட்டிருக்கலாம்” என்று பெரியப்பா சொல்வார். குடில் வேலை அரை மணி நேரம் அப்படியே நின்றுபோகும்.