கூரைகள் சேரும் மூலை

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, போகிறவர்கள் பெரும்பாலும் தரையைப் பார்த்துத்தான் வியப்பார்கள். கறுத்துப் பளபளக்கும் அந்தத் தளத்தில் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்ந்திருப்பதாகச் சொல்வார்கள். நான் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்கும் மூலைகளில்தான் இந்த வீட்டின் வரலாறு கிடக்கிறது.

முதலில் இருந்தது தாய்க் கொட்டாரம். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், சாய்ந்திறங்கும் கூரை என்று அந்தப் பக்கத்து வசதிக்காரர் யாரும் கட்டிக்கொள்ளக்கூடிய நாலுகெட்டு வீடுதான். அதன் ஏகாந்த மண்டபத்துப் பலாமரத் தூணைப் பார்த்த பிறகுதான் அரசர் வீடு என்ற நினைப்பே வரும். ஒற்றை மரத்தில் இத்தனை நுணுக்கமா!

திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தார். 1750-ல் நாட்டையே தன் குலதெய்வமான பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்தார். கல்குளம் என்றிருந்த இந்த ஊர் பத்மநாபபுரம் ஆயிற்று. அந்த வீச்சில் தாழ்ந்த பழைய வீட்டை இடித்துத் தள்ளியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? இடிக்கவில்லை. பக்கத்திலேயே உப்பரிகை மாளிகையை எழுப்பினார்: கீழே கருவூலம், மேலே மூலிகைக் கட்டில் போட்ட பள்ளியறை, உச்சியில் சுவர் நிறைய ஓவியங்களோடு சுவாமிக்கு ஓர் அறை.

இப்படி ஒட்டிக் கட்டுவது லேசான வேலை இல்லை. இரண்டு ஓட்டுக் கூரைகள் சேரும் பள்ளம்தான் மழையில் முதலில் ஒழுகும். இதுவோ இரண்டு பருவமழையும் காணும் ஊர். புதுக் கூரையின் சரிவு பழையதோடு இசைந்து போகவேண்டும், தண்ணீர் தேங்காமல் ஓடவேண்டும். இங்கே தச்சர்கள் கூரைச் சட்டமான கழுக்கோலைக் கழுக்கோலோடு சேர்த்திருப்பதைப் பார்த்தால், வாசல் மண்டபமான பூமுகத்து விதானத்தின் பூ வேலைப்பாடுகூட எனக்கு இரண்டாம்பட்சம்தான். அந்தப் பூமுகத்துக்கு மேல்தான் மந்திரசாலை. சாய்ந்த மரச் சட்டங்களுக்கு இடையே வரும் வெளிச்சம் பகலிலும் மங்கலாகவே இருக்கும். ஆலோசனைக்கு ஏற்ற வெளிச்சம்.

எல்லா ஒட்டும் பிடித்துவிடவில்லை. வெளிநாட்டு விருந்தினருக்காகக் கட்டிய இந்திர விலாசம் உயர்ந்த விட்டமும் அகன்ற வாசலுமாகத் தனித்தே நிற்கிறது. அதை மறு தடவை பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. கல்லால் ஆன நவராத்திரி மண்டபமும் அந்நியம்தான். ஆனாலும் அரச குடும்பத்துப் பெண்கள் மறைந்திருந்து கச்சேரி பார்க்க வைத்த மரத் தட்டி அதை வீட்டோடு சேர்த்துவிடுகிறது.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956-ல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொட்டாரத்தைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான். ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சரஸ்வதி இங்கிருந்துதான் திருவனந்தபுரம் புறப்படுகிறாள். அன்றைக்கு உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும்; இரண்டு மாநிலத்துக்காரர்களும் வந்து நிற்பார்கள்.