சப்பாத்துத் துடைப்பவனின் பெயர்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விடுதிகளில் விருந்தினரின் சப்பாத்துகளைத் துடைத்துப் பொலிஷ் போட ஒரு வேலையாள் இருப்பான். அவனை எல்லோரும் 'பூட்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்பதில்லை.

சார்ள்ஸ் டிக்கன்ஸ் தன் முதல் நாவலான 'பிக்விக் பேப்பர்ஸ்'இல் (1836-37) அப்படியொருவனுக்குப் பெயரும் கொடுத்தார், வாயும் கொடுத்தார். அவன்தான் சாம் வெல்லர். மாதாந்தப் பகுதிகளாக வெளிவந்த அந்நாவல் ஆரம்பத்தில் விலைபோகவில்லை. சாம் வந்த பிறகுதான் விற்பனை ஏறி, முடிவில் 40,000 பிரதிகளை எட்டியது.

சாம் வெறும் கோமாளி என்பவர்கள் பத்தாம் அத்தியாயத்தை இன்னொருமுறை வாசிக்க வேணும். இலண்டனின் பரோ பகுதியிலுள்ள வைட் ஹார்ட் விடுதி முற்றத்தில் சாம் வேலை செய்கிறான். அவசரப்படும் ஒரு விருந்தினரை, உங்கட முறை வரட்டும் என்று காக்க வைக்கிறான். ஆனால் தனி அறைக்காரரின் சப்பாத்து என்று தெரிந்ததும் கை தானாக விரைகிறது. அங்கே நல்ல சில்லறை கிடைக்கும் அல்லவா! விடுதியில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டால், ஆட்களைச் சொல்லாமல் சப்பாத்துகளைச் சொல்கிறான். தன்னைச் சப்பாத்தாகப் பார்த்தவர்களை அவனும் சப்பாத்தாகவே எண்ணுகிறான். இது நகைச்சுவை மட்டுந்தானா?

டிக்கன்ஸுக்கு இந்த வேலையின் மணம் தெரியும். 1824இல், 12 வயதில், சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையொன்றில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டினார். கடனுக்காக வாப்பா அடைபட்டிருந்த மார்ஷல்சீ சிறையும் அதே பரோவில்தான். இதை அவர் உயிரோடு இருக்கும்வரை வாசகர்களுக்குச் சொல்லவில்லை. 1870இல் மறைந்த பிறகு, நண்பர் ஜோன் ஃபொஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அது வெளிவந்தது. மை பூசுகிறவனை ஊரே நேசிக்கும்படி எழுதியவருக்கு, 'நானும் அந்த மையோடு கிடந்தவன்' என்று சொல்ல வாய் வரவில்லை.

நாவலின் குறையும் இதே இடத்தில்தான். சாமைப் பிக்விக் ஆண்டுக்கு 12 பவுண் சம்பளத்தில் தன் வேலைக்காரனாக்குகிறார். அதன்பிறகு அந்த வாய் எசமானுக்காகவே பேசுகிறது. எசமான் சிறைக்குப் போனால் தானும் வலிந்து போகிறது. விசுவாசம் நல்லதுதான். ஆனால் முற்றத்திலிருந்த அந்தக் கூர்மை அதற்குள் மங்கிவிடுகிறது.

இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எங்கட ஸ்கூல் கூட்டுற அம்மாட பேரென்ன?" எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவருக்கு ஸலாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.