கழற்ற முடியாத முகமூடி
'ஹலோவீன் ஹெவொக்' மல்யுத்தக் காட்சியும் அப்துல்லாஹ் என்ற பெயரும்

மல்யுத்தக் காட்சி ஒன்றைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். முன்னுதாரணம் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு விமர்சகர் ரோலண்ட் பார்த்ஸ் 1957 இல் வெளியிட்ட 'மித்தொலொஜீஸ்' நூலின் முதற் கட்டுரையே மல்யுத்தம் பற்றியதுதான். அதை விளையாட்டாக அல்ல, நாடகமாகப் பார்க்க வேண்டும் என்பது அவரது வாதம். யார் வெல்வார் என்பதை விட, தீமை எப்படி ஓர் உடம்பில் உருவெடுக்கிறது, அது எப்படித் தண்டிக்கப்படுகிறது என்பதைக் காணவே சனம் கூடுகிறது என்கிறார் அவர். பேராதனையில் படித்த காலத்தில் இக்கட்டுரையை வாசித்தபோது எனக்கு வியப்பு எதுவும் ஏற்படவில்லை. அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு ஹோலில் பாயில் உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படித்து முடித்திருந்தோம்.

எங்கள் பாடநூல், குவைத்தில் தொழில் பார்த்துவந்த மாமா விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த வீடியோ கசெட். அதில் இருந்தது 1991 ஆம் ஆண்டின் 'ஹலோவீன் ஹெவொக்'. ஒக்டோபர் 31 இரவில் மேற்கத்தியப் பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் வழக்கத்தை வைத்து, டபிள்யூ.சீ.டபிள்யூ. என்ற அமெரிக்க நிறுவனம் 1989 முதல் 2000 வரை ஒவ்வொரு ஒக்டோபரிலும் இக்காட்சியை நடத்தியது. 2001 மார்ச்சில் அந்நிறுவனம் போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இடம் விலைபோனது. 2020 இல் அவர்களே 'என்.எக்ஸ்.டி.' என்ற தங்கள் பிரிவின் கீழ் இப்பெயருக்கு மறுபடியும் உயிர்கொடுத்தார்கள். பூசணிக்காய், கல்லறை, சவப்பெட்டி, புகை, இவற்றுக்கு நடுவே ஒரு ரிங். இதுதான் அரங்க அமைப்பு.

அந்த 1991 காட்சி டென்னஸி மாநிலத்தின் சட்டனூகா நகரில் ஒக்டோபர் 27 இல் நடைபெற்றது. முதற் போட்டியின் பெயர் 'பயங்கரங்களின் அறை'. இரும்புக் கூண்டுக்குள் நால்வருக்கு எதிராக நால்வர். ஒருபக்கம் முகத்தில் வர்ணம் பூசிய ஸ்டிங், ஸ்டைனர் சகோதரர்கள், ஆர்ஜன்டீனாவின் நெடிய மனிதர் எல் ஹிகான்டே. மறுபக்கம் கக்டஸ் ஜக், வேடர், டயமண்ட் ஸ்டட், அவர்களோடு 'கசாப்புக்காரன் அப்துல்லாஹ்'. சவப்பெட்டிகளிலிருந்து பேய்கள் எழுந்து வந்தன. நடுவர் தலையில் கமரா கட்டியிருந்தார். இடைநடுவே மேலிருந்து மின்சார நாற்காலியொன்று இறங்கியது. எதிரணியில் ஒருவரை அதில் இருத்தி விசையை இழுப்பவரின் அணிக்கே வெற்றி. ரிக் ஸ்டைனரை நாற்காலியில் இருத்திவிட்டதாக நம்பி, கக்டஸ் ஜக் திரும்பிப் பாராமல் விசையை இழுக்கிறார். நாற்காலியில் இருந்ததோ அவரது கூட்டாளி அப்துல்லாஹ். தீப்பொறி, புகை, உடம்பு துடிக்கிறது. அரங்கம் ஆரவாரிக்கிறது.

நாங்களும் ஆரவாரித்தோம். அறைக்குள் எட்டிப் பார்த்த உம்மும்மாதான் ஒரு கேள்வி கேட்டார். "அல்லாஹ்ட பேர வெச்சிக்கொண்டு இந்த மனிசன் எனத்தியன் செய்றது? இவர் எங்கட ஆளா?" நாங்கள் சிரித்தோம். "இல்ல உம்மும்மா, இவர் வில்லன்" என்றேன் நான். அந்தப் பதிலில் இருந்த பிழை எனக்குப் புரிய நெடுங்காலம் சென்றது. 'எங்கட ஆள்' அல்லது 'வில்லன்', இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்பது அவரது உலகம். இரண்டும் ஒன்றுதான் என்பது அந்தக் கசெட்டின் உலகம்.

ரசிகன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இக்காட்சித் தொடரில் பெரும்பகுதி அபத்தம்தான். அந்த அபத்தத்துக்காகவே அதை நேசித்தவர்கள் நாங்கள். 1995 இல் டெட்ராயிட்டில் ஒரு கட்டடத்தின் கூரையில் ஹல்க் ஹோகனும் 'ஜயன்ட்' என்பவரும் இராட்சத டிரக் வண்டிகளை மோதவிட்டார்கள். ஜயன்ட் கூரையிலிருந்து கீழே விழுந்தார். அன்றிரவே கீறல் ஒன்றும் இல்லாமல் ரிங்குக்கு வந்தார். எப்படிப் பிழைத்தார் என்று எவரும் சொல்லவில்லை. போதாதற்கு, பனிமனிதன் என்று பெயர்சூட்டப்பட்ட ஒருவர் எகிப்திய மம்மிபோலத் துணி சுற்றிக்கொண்டு வந்தார். 1998 இல் லாஸ் வேகஸில் நடந்த ஹோகன் – வொரியர் போட்டியில், எதிராளியின் முகத்தில் வீசுவதற்காக ஹோகன் பற்றவைக்க முயன்ற காகிதம் நேரத்துக்குப் பற்றவேயில்லை. அன்று ஒளிபரப்பு நேரமும் முடிந்துபோக, பணம் கட்டிப் பார்த்த பல வீடுகளில் இறுதிப் போட்டிக்குள் திரை இருண்டுவிட்டது.

இந்தப் பேய்களால் எவருக்கும் தீங்கில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. கண்டியில் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளுக்கு முன்னால் தொங்கும் மர முகமூடிகளைப் பாருங்கள். அவற்றுட் பல, தென்னிலங்கையின் சன்னி யக்கும சடங்குக்கு உரியவை. நோய்களைக் கொண்டுவரும் பதினெட்டுப் பேய்களுக்கும் அதில் தனித்தனி முகம் உண்டு. ஆடுபவர் முகமூடி அணிந்து வருகிறார். பேய் அதட்டப்படுகிறது, கேலி செய்யப்படுகிறது, காணிக்கை பெறுகிறது, விடைபெற்றுப் போகிறது. விடிந்தால் முகமூடி ஆணியில் தொங்கும், ஆடியவர் தன் வீட்டுக்குப் போவார். பேயை வரவழைப்பதே அதை அனுப்பிவைப்பதற்குத்தான். ஹலோவீனும் இந்த வகையைச் சேர்ந்ததே. நவம்பர் பிறந்ததும் பூசணிக்காய் குப்பைக்குப் போகிறது.

ஆனால் 1991 கூண்டில் இருந்த எட்டுப் பேரில் ஒருவருக்கு நவம்பர் பிறக்கவில்லை. கசாப்புக்காரன் அப்துல்லாஹ்வின் இயற்பெயர் லோரன்ஸ் ஷ்ரீவ். 1941 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வின்ட்சர் நகரில் பிறந்தவர். 'சூடானிலிருந்து வந்த பைத்தியக்காரன்' என்றுதான் பல தசாப்தங்களாக அவர் அறிவிக்கப்பட்டார். அந்தப் பாத்திரம் ரிங்கில் பேசுவதில்லை. முள்ளுக்கரண்டியால் எதிராளியின் நெற்றியைக் குத்துவதே அதன் மொழி. பின்னாளில் அட்லாண்டாவில் அதே பெயரில் விலா எலும்பு இறைச்சியும் சீன உணவும் விற்கும் உணவகம் நடத்தினார். 2011 இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. அவரைத் தனது புகழ்மண்டபத்தில் சேர்த்தது. அவரது நெற்றியில் உள்ள ஆழமான வடுக்கள் மட்டும் நாடகம் அல்ல.

அவர் தனியாளும் அல்லர். அவருக்கு முன் 'த ஷேக்' இருந்தார். மிச்சிகனைச் சேர்ந்த, லெபனான் வம்சாவளியினரான எட்வர்ட் ஃபர்ஹத். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் பணிபுரிந்தவர். போட்டிக்கு முன் ரிங்கில் தொழுகை விரிப்பை விரித்து மண்டியிடுவார், பின்னர் எதிராளியின் முகத்தில் தீ வீசுவார். ஹோகனின் கையில் பற்றாமற்போன காகிதம் அவர் பெயரெடுத்த வித்தைதான். அப்துல்லாஹ்வுக்குப் பின் 'முஹம்மத் ஹஸன்' வந்தார். இத்தாலிய வம்சாவளியைச் சேர்ந்த மார்க் கொப்பானி என்ற அமெரிக்கர். 2004 இறுதியில் அறிமுகமான அப்பாத்திரம், 2001 செப்டெம்பர் 11 இற்குப் பின் அரபு அமெரிக்கர்கள் சந்தேகத்துடன் நோக்கப்படுவதைப் பற்றி முறையிட்டது. முறைப்பாடு உண்மையானது. ஆனால் அரங்கம் 'ஊ' என்று கத்துவதற்காகவே அது எழுதப்பட்டிருந்தது. 2005 ஜூலை 4 இல் ஒளிப்பதிவான ஒரு காட்சியில், ஹஸனின் பிரார்த்தனையைத் தொடர்ந்து முகமூடியணிந்த ஐவர் வந்து அண்டர்டேக்கரின் கழுத்தைக் கம்பியால் நெரித்தார்கள். அது அமெரிக்காவில் ஒளிபரப்பான ஜூலை 7 ஆம் திகதிதான் லண்டனில் குண்டுகள் வெடித்தன. அம்மாத இறுதியோடு ஹஸன் திரையிலிருந்து அகற்றப்பட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஷ்ரீவ் சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கொப்பானி மல்யுத்தத்தை விட்டுப் பாடசாலை ஆசிரியராகலாம், ஆனார். முகமூடியைக் கழற்ற முடியாமற்போனது அந்தப் பெயருக்குத்தான். அப்துல்லாஹ் என்றால் இறைவனின் அடியார். பெருமானார் (ஸல்) அவர்களின் தந்தையாருடைய பெயர். எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று அப்துல்லாஹ்க்கள் இருந்தார்கள். மம்மிக்கும் பனிமனிதனுக்கும் ஊரில் சொந்தக்காரர்கள் இல்லை. இந்தப் பேய்க்கு இருந்தார்கள்.

மல்யுத்தம் நமக்கு அந்நியம் என்றும் சொல்வதற்கில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் ருகானாவோடு மற்போர் புரிந்த செய்தியை மத்ரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காமா என்று உலகறிந்த குலாம் முஹம்மத் 1910 இல் லண்டனில் போலந்து வீரர் ஸ்பிஷ்கோவோடு இரண்டரை மணிநேரத்துக்கு மேல் பொருதி வெற்றிதோல்வியின்றி முடித்தார். 1928 இல் பட்டியாலாவில் அதே வீரரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். ஒரு முஸ்லிம் பெயர் பலத்துக்காக மதிக்கப்பட்ட காலமும் அதே உலகில்தான் இருந்தது.

'கசாப்புக்காரன்' என்ற சொல் அமெரிக்கச் செவிக்கு வெறும் கொடூரத்தின் பெயராக இருக்கலாம். கண்டியில் அதன் பொருள் வேறு. 2013 வெசாக் தினத்தன்று, மாடறுப்புக்கு எதிர்ப்புத் தெரிவித்துப் பிக்கு ஒருவர் தலதா மாளிகைக்கு அருகில் தன்னுடலுக்குத் தீமூட்டிக்கொண்டார், மறுநாள் இறந்தார். ஓர் உயிர் அவ்வாறு போனது பெருந்துயரம். ஆனால் ஹலால் எதிர்ப்புப் பிரசாரம் சூடேறியிருந்த அந்த வருடத்தில், எம்மில் ஒவ்வொருவர் கையிலும் பிறர் கண்ணுக்குக் கத்தி தெரிந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டுத்தன்மை மாத்திரை கலந்ததாக ஒரு வதந்தி. மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை எனக் கண்டி மாவட்டத்தில் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. திகனயில் எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் இறந்தார். மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனமானது. ஊரடங்கில் விளக்கணைத்துக் காத்திருந்த இரவுகளில் நான் நினைத்தது வேறெதையும் அல்ல. இந்தக் காட்சியில் முடிவை அறிவிக்கும் மணியை யார் அடிப்பார்?

மிகைப்படுத்தக் கூடாது. திகனயில் தீவைத்தவர்களில் எவரும் சட்டனூகாவின் அப்துல்லாஹ்வைப் பார்த்திருக்கத் தேவையில்லை. ஒரு மல்யுத்தக் காட்சி ஓர் ஊரை எரிப்பதில்லை. நான் சொல்வது காரணத்தைப் பற்றியதல்ல, அமைப்பைப் பற்றியது. பேசாத, பசித்த, கத்தியோடு வரும் உடம்பு ஒன்று முதலில் எழுதப்படுகிறது. பிறகு அதைத் தண்டிப்பது நீதியாகத் தெரிகிறது. பார்த்ஸ் கண்ட நீதியின் நாடகம், வில்லனின் பெயர் அயல்வீட்டுக்காரனின் பெயராக இருக்கும்போது என்னவாகும் என்பதை அவர் கட்டுரையின் தொடர்ச்சியாக நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு இக்காட்சியை நான் ஏன் இன்னும் பார்க்கிறேன்? 1997 ஒக்டோபர் 26 இல் லாஸ் வேகஸில் நடந்த ஒரு போட்டிக்காக. எடி கெரேரோவின் சம்பியன் பட்டத்துக்கு எதிராக ரே மிஸ்டீரியோ தனது முகமூடியைப் பணயம் வைத்தார். மெக்சிக்க மரபில் முகமூடி என்பது மானம். அதை இழப்பது முகத்தை இழப்பதற்குச் சமம். அன்று ரே அணிந்திருந்த ஊதா நிற உடை, கொமிக்ஸில் நாம் பார்த்த முகமூடி வீரர் மாயாவியை ஞாபகப்படுத்தியது. முகமூடி உடையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. எடி அதைப் பிய்க்கிறார், கிழிக்கிறார். நமக்கு நெஞ்சு பதைக்கிறது. இறுதியில் கயிற்றின் உச்சியிலிருந்து தன்னை வீசியெறிய முயன்ற எடியை, அந்தரத்திலேயே சுழன்று கீழே சாய்க்கிறார் ரே. சவப்பெட்டியும் புகையும் தரமுடியாத அச்சத்தை ஒரு துண்டுத் துணி தந்தது. அது அவருடைய முகமூடி, அவரே விரும்பி அணிந்தது. அதனால்தான். 1999 இல் வேறொரு போட்டியில் அதை இழந்தார். 2002 இல் புதிய நிறுவனத்துக்கு வந்தபோது மீண்டும் அணிந்துகொண்டார்.

இன்னொருவரையும் சொல்லி முடிக்கிறேன். சாமி ஸேன். சிரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர், தன்னை முஸ்லிம் என்று வெளிப்படையாகச் சொல்பவர். 2013 வரை 'எல் ஹெனரிகோ' என்ற மெக்சிக்க முகமூடி வீரராக ஆடினார். பிறகு முகமூடியைக் கழற்றிவைத்துவிட்டு, தொழுகை விரிப்போ தீயோ இல்லாமல், குறும்பும் கோபமும் கண்ணீரும் உள்ள ஒரு மனிதராக ரிங்குக்கு வந்தார். சிலவேளை நல்லவர், சிலவேளை வில்லன். அவர் வில்லனாகும்போது அரங்கம் அவரைத்தான் வெறுக்கிறது, அவரது பெயரை அல்ல.

இந்த வித்தியாசத்தை நாம் நமது எழுத்திலும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அயலவரை நாம் கதைக்குள் கொண்டுவரும்போது அவருக்கு மாட்டும் முகம் அவரால் கழற்றக்கூடியதா? நமது சிறுகதைகளில் வந்துபோகும் சிங்கள முதலாளியையும் தோட்டத்துக் கங்காணியையும் இந்தக் கேள்வியோடு ஒருமுறை திரும்ப வாசிக்கலாம்.

கடந்த ஒக்டோபரில் என் மகன் கைத்தொலைபேசியில் அந்தப் பழைய நாற்காலிக் காட்சியைத் தேடியெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாப்பா, இவர் முஸ்லிமா?" என்று கேட்டான். உம்மும்மா இன்று இல்லை. அவருக்கு நான் சொன்ன பதிலை மகனுக்குச் சொல்லவில்லை. "இல்ல மகன். அது ஒரு கனடாக்காரர்ட வேஷம். பேரு மட்டும் எங்கட" என்றேன். அவன் முதலிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.