தகட்டில் டோஸ்கா

போலீஸ் தலைவன் ஸ்கார்பியா செத்துக் கிடக்கிறான். கொன்றவள் டோஸ்கா. 1900 ஜனவரி 14 அன்று ரோமில் அரங்கேறிய புச்சினியின் ஓபராவுக்காக அடோல்ஃபோ ஹோஹென்ஸ்டைன் வரைந்த சுவரொட்டி இது. காதலனின் உயிருக்கு விலையாகத் தன் உடலைக் கேட்டவனைக் கத்தியால் குத்துகிறாள். பிறகு அவன் தலைமாட்டில் மெழுகுவர்த்தியும் நெஞ்சில் சிலுவையும் வைக்கிறாள். கொலைக்கும் சடங்குக்கும் இடையிலான அந்த நடுக்கம்தான் படம்.

இப்போது அது அலுமினியத் தகட்டில் கிடைக்கிறது. சூடேற்றி, சாயத்தைப் பூச்சுக்குள் இறக்குகிறார்கள். நிறம் பளிச்னு வருது, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த பிரதியில், இருட்டான இடங்களிலெல்லாம் என் முகமும் டியூப்லைட்டும்தான் தெரிந்தன. மெழுகுவர்த்திக்கு அங்கே வேலையே இல்லை.

விளம்பரமாகப் பிறந்ததுதானே, விற்றால் என்ன? சரிதான். ஆனால் கல் அச்சில் வந்த அந்தக் காகிதம், தெருவில் போகிறவரை அரங்கத்துக்குள் கூப்பிட்டது. தகடு எங்கேயும் கூப்பிடலை. சோபா நிறத்துக்குப் பொருந்தினால் அதற்குப் போதும். வாங்குவதென்றால் பளபளப்பில்லாததை வாங்குங்கள். மாட்டும் முன் இரண்டாம் அங்கத்தை முழுசாக் கேளுங்க. அப்புறமும் அதை அழகுக்குன்னு மாட்டத் தோணுதான்னு பாருங்க.